மூவாருக்குத் தாமதமாய்ப் போன கார்

வெயிலில் நின்ற காருக்குள், வாசத்துக்காகப் போட்டுவைத்த பாண்டான் இலை வாடும்போது ஒரு மணம் எழும். பாதி வெந்த சோற்றையும் பாதி பச்சைப் புல்லையும் நினைவூட்டும் அந்த மணத்தோடு, சூடேறிய ரெக்சின் இருக்கையின் வாடையும், பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து கசியும் முறுக்கின் எண்ணெய் வாசமும் கலந்துவிட்டால் எனக்கு உடனே பன்னிரண்டு வயதாகிவிடும். பொந்தியானிலிருந்து மூவாருக்குப் போகும் பழைய கடலோரச் சாலையில், அம்மா ஓட்டுகிற நீல நிறக் காரின் பின்னிருக்கையில், பழிவாங்கப் போகிற ஒருத்தியின் மகளாக நான் உட்கார்ந்திருப்பேன்.

பழி என்பது இதற்குப் பெரிய சொல்லாகத் தோன்றலாம். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வழி. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே அந்த வீட்டில் எல்லாரும் அரசாங்க உத்தியோகம். அம்மா பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்களின் மகள். பெக்கோக்கில் அரசாங்க மருந்தகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் அப்பா அம்மாவைப் பார்த்து, பிடித்துப்போய், வீட்டில் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு கூலாய்க்கு மாற்றலாகி வந்தார்கள். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, பொந்தியானில் தலைமையாசிரியர். அவர் பள்ளியை ஆண்டார், வீட்டைப் பெரியம்மா ஆண்டார். பெரியம்மா யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்ல அவரிடம் "தோட்டத்து ஆக்கள்" என்ற இரண்டே சொற்கள் இருந்தன. அவற்றை அவர் மிக மெதுவாக, ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்.

எனக்கு ஐந்து வயதில் அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, மூவாரில் கல்யாணம் நடந்தது. முதல் நாளே எல்லாரும் பொந்தியானில் பெரியப்பா வீட்டில் கூடிவிட்டார்கள். விடிந்ததும் முதல் காரில் பெண்ணோடு அப்பா போனார், இரண்டாவதில் பெரியப்பாவும் சொந்தக்காரர்களும் போனார்கள். மூன்றாவது காரில் பெரியம்மாவும் அவருடைய மகன் கணேஷ் அண்ணனும் போவதாகவும், அம்மாவும் நானும் அதில் ஏறிக்கொள்வதாகவும் ஏற்பாடு. அம்மா தன்னிடமிருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, என் இரட்டைச் சடையில் மல்லிகை வைத்து, கையைப் பிடித்தபடி காருக்குப் பக்கத்தில் நின்றார்.

பெரியம்மா டிரைவருக்குப் பக்கத்து முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துவிட்டு, கண்ணாடியை இறக்கினார்.

"பலகாரத் தட்டெல்லாம் பின் சீட்டில வச்சிருக்கு சரசு. நெரிஞ்சு போகும். நீ பிள்ளையோட பஸ்ஸில வாவன்."

கார் போய்விட்டது. பின்கதவுக் கண்ணாடியில் மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றிய லட்டுத் தட்டு ஒன்று வெயில் பட்டு மின்னியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். லட்டுகள் காரில் போகின்றன, நான் போகவில்லை என்பது ஐந்து வயதிலும் தெளிவாகப் புரிந்தது.

பொந்தியானிலிருந்து பெனுட் வரை ஒரு பஸ். பெனுட்டில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த பஸ் வரும்வரை நாங்கள் நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்து, மாவில் தோய்த்த வாழைப்பழப் பொரியல் விற்றுக்கொண்டிருந்த ஹலிமா என்ற மலாய்க்கார அம்மா எங்களைத் தன் கடைக்குள் இழுத்து உட்காரவைத்து, துண்டு கொடுத்துத் தலை துவட்டச் சொன்னார். இரண்டாவது பஸ் செங்காராங்கில் பழுதாகி நின்றுவிட்டது. எனக்குக் காய்ச்சல் அடிக்கத் தொடங்கியிருந்தது. சாலையோரத்து வீட்டிலிருந்து மேரி அக்கா என்று ஒருவர் குடையோடு ஓடி வந்து, எங்களைக் கூட்டிப்போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். பிறகு பத்து பகாட்டில் ஒன்றரை மணி நேரம் நின்று மூன்றாவது பஸ் ஏறி, மூவாரில் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. தாலி கட்டி, குடும்பப் படம் எடுத்து, எல்லாம் முடிந்திருந்தது.

ஈரச் சேலையோடு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற அம்மாவைக் காட்டி, மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் "ஆர் இது?" என்று கேட்டார். பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

"தோட்டத்தில இருந்து உதவிக்கு வந்த ஆள்," என்றார்.

அப்பா அப்போது பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, "அண்ணி அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அம்மா அழவில்லை. அடுத்த வாரம், செனாயில் தான் வேலை செய்த பேக்டரிக்குப் பக்கத்திலிருந்த டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தார். மேட்டில் வண்டியை நிறுத்திப் பின்னால் நகராமல் எடுக்கும் சோதனையில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறினார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் செய்து ஏழாவது வருடம் ஒரு காரும் வாங்கிவிட்டார். சூப்பர்வைசராக இருந்த சீனப் பெண் ஒருவர் ஓட்டிப் பழையதாக்கிய நீலக் கார். அப்பாவுக்கு வண்டி ஓட்டப் பயம், லைசென்ஸே எடுத்ததில்லை. அதனால் அம்மா வலப்பக்கமும் அப்பா இடப்பக்கமும் உட்கார்ந்துபோவது எங்கள் தாமான் குடியிருப்பில் கொஞ்ச நாள் வேடிக்கையாகப் பார்க்கப்பட்டது.

"கார் வாங்கினதும் மொதல்ல அன்னிக்கு நம்மள உக்கார வெச்சாங்களே, அவங்க வீட்டுக்குத்தான் போவணும்," என்று அம்மா அந்த ஏழு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஹலிமா அம்மாவையும் மேரி அக்காவையும்தான் சொன்னார். மேரி அக்காவுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கடிதம் போகும்.

அந்த டிசம்பர் விடுமுறையில் கணேஷ் அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்கு அழைப்பு வந்தது. பெண் வீடு மூவாரில், மண்டபமும் மூவாரில். அழைப்பிதழில் அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, "போறோம். நம்ம வண்டியில," என்றார். முதல் நாள் முழுக்க முறுக்கும் அதிரசமும் சுட்டு இரண்டு டின்களில் அடைத்தார்.

விடிகாலையில் கூலாயை விட்டோம். பெக்கான் நானாஸ் பக்கத்தில் சாலையோரம் அன்னாசிப் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொந்தியானில் கடல் முதலில் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்து பிறகு தென்னை மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. பெரியப்பா வீட்டு வாசலில் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுப் போவது அம்மாவின் எண்ணம். அவர்கள் எல்லாரும் முதல் நாளே மூவாருக்குப் போயிருப்பார்கள் என்று அப்பா சொல்லியும், "பூட்டுன வீட்டு முன்னாடின்னாலும் பரவால்ல, நிறுத்தணும்," என்றார்.

வீடு பூட்டியிருக்கவில்லை. பெரியம்மா தனியாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். பொந்தியான் கோயிலில் அன்று காலை அர்ச்சனை செய்துவிட்டு வருவதாக நேர்ந்துகொண்டு, மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, தனக்கு ஒரு டாக்சி சொல்லிவைத்திருந்தாராம். அந்த டாக்சி வரவில்லை. பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும். மணி எட்டரை ஆகியிருந்தது. எங்கள் காரைக் கண்டதும் ஓட்டமும் நடையுமாக வந்து, அப்பாதான் ஓட்டுகிறார் என்று நினைத்து, ஓட்டுபவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது, உள்ளே அம்மாவின் முகம் இருந்தது.

பெரியம்மா தட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு அம்மாவைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த அப்பாவிடம், "தம்பி, கடவுள்தான் உங்களை அனுப்பினவர்," என்றார்.

"ஏறுங்க அக்கா. எடம் இருக்கு," என்றார் அம்மா.

சத்தியமாகச் சொல்கிறேன், அம்மா அதுவரை எதுவும் திட்டமிட்டிருக்கவில்லை. என் பக்கத்தில் பெரியம்மா ஏறி, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திய பிறகுதான், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அம்மாவின் கண்கள் ஒருமுறை சுருங்கி விரிவதைப் பார்த்தேன்.

"வழியில ரெண்டு பேரைப் பாக்கணும்கா. வர்றேன்னு ஏற்கனவே சொல்லிட்டேன்."

"பார்த்திட்டுப் போவம். நேரம் கிடக்குத்தானே," என்றார் பெரியம்மா. அவர் அந்தச் சாலையில் பஸ்ஸில் போனதில்லை. எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாது.

பெனுட்டில் ஹலிமா அம்மாவின் கடை அதே இடத்தில் இருந்தது. அவர் என்னைக் கண்டதும் "சுடா பெசார்!" என்று, இவ்வளவு வளர்ந்துவிட்டாளே என்று, எண்ணெய்க் கையாலேயே என் கன்னத்தைத் தட்டினார். அம்மா காரைக் காட்டினார். ஹலிமா அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்து, கூரையைத் தடவி, தானே வாங்கியதுபோலச் சிரித்தார். முறுக்கு டின்னைக் கொடுத்தோம். சூடான வாழைப்பழப் பொரியலும் பாலில்லாத் தேநீரும் வந்தன. பெரியம்மா காரைவிட்டு இறங்கவில்லை. அரை மணி நேரம் அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அம்மா இன்னொரு கோப்பை தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வீட்டில் அம்மா இரண்டாவது கோப்பை குடித்து நான் பார்த்ததே இல்லை.

செங்காராங்கில் மேரி அக்காவின் வீட்டுக்குள் பெரியம்மா வந்துதான் ஆகவேண்டியிருந்தது, ஏனென்றால் மேரி அக்கா விடவில்லை. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர் அவர். உருண்டையான உடம்பு, நிற்காத பேச்சு. பெரியம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, "சொந்தக்காரங்களா? வாங்க வாங்க," என்று கஞ்சியை ஊற்றினார். பெரியம்மா யார் என்று அம்மா சொல்லவில்லை. அப்பா கஞ்சியில் உப்பு போட்டுக் கலக்கத் தொடங்கினார்.

மேரி அக்கா அந்தக் கதையைத் தொடங்கினார்.

"இந்தப் புள்ளைய நான் மொத மொதல்ல பாத்தப்ப கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கிட்டு இருந்துச்சுங்க. ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது. என்னம்மான்னு கேட்டா, யாரோ ஒரு பெரிய எடத்து மனுசி, காருல எடம் இல்லன்னு சொல்லி விட்டுட்டுப் போயிட்டாளாம். பலகாரம் நசுங்கிடுமாம்! பலகாரங்க! நான் அன்னிக்கு ராத்திரி முட்டி போட்டு ஜெபம் பண்ணப்பக்கூட எனக்கு மனசு ஆறல. அவ நல்லா இருப்பாளா? நீங்களே சொல்லுங்க, நல்லா இருப்பாளா?"

பெரியம்மா கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியின் விபூதிக்குக் கீழே வேர்வை ஒரு கோடாக இறங்கியது. அம்மா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாயாக, மிக மெதுவாகக் கஞ்சியைக் குடித்தார். நான் பெரியம்மாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதுவரை அந்த முகத்தை நேராகப் பார்க்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

"சரசு, நேரம் போகுது. எழும்பு," என்றார் பெரியம்மா.

"மேரி அக்கா ஆசையா வெச்சிருக்காங்க. குடிச்சிட்டுப் போலாம்."

பதினொன்றாகப் போகிறது என்று பெரியம்மா எழுந்து வாசலுக்குப் போனபோது, யாரும் கேட்காமலேயே நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "வயிறு வலிக்குதும்மா," என்றேன். அம்மா என்னைப் பார்த்தார். வலி இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது என்பது எனக்கும் தெரிந்தது. "போயிட்டு வா," என்றார். வீட்டுக்குப் பின்னாலிருந்த கழிவறையில், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, ஒன்றிலிருந்து முந்நூறு வரை நிதானமாக எண்ணினேன். நூற்றைம்பதில் பெரியம்மா வந்து கதவைத் தட்டினார். "பிள்ளை, கெதியா வாம்மா," என்றார். என்னை அவர் "பிள்ளை" என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. நான் விட்ட இடத்திலிருந்து எண்ணினேன்.

பத்து பகாட்டில் பார்க்க எங்களுக்கு யாரும் இல்லை. ஆனாலும் அம்மா வண்டியைத் திருப்பி, பஸ் நிலையத்துக்கு எதிரே நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். மணி பதினொன்றரை. வெயில் கூரையில் இறங்க, பாண்டான் இலை மணக்கத் தொடங்கியது.

"இங்க ஒன்றரை மணி நேரம் நின்னோம்," என்றார் அம்மா, முன்னால் பார்த்தபடியே. "அந்தத் தூணுக்குப் பக்கத்துல. உக்கார எடமில்ல. இவ என் தோள்ல."

"சரசு, போதும்," என்றார் அப்பா.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க மொத கார்ல போனீங்க. பொண்டாட்டி புள்ள வருதான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்தீங்களா? வீட்டுக்கு வந்து சொன்னப்பவாச்சும் நம்பினீங்களா?"

அப்பா தன் மடியிலிருந்த சாலை வரைபடத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பெரியம்மா அழத் தொடங்கியிருந்தார். "தம்பி, நீங்களாவது சொல்லுங்கோ. என்ர பிள்ளையின்ர விசேஷம். தாய் நான் நிக்காம எப்பிடித் தட்டு மாத்திறது?"

"இவளுக்கும் அன்னிக்கு அத்தை கல்யாணந்தான். தாலி கட்டறதப் பாக்கணும்னு ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடந்தா," என்றார் அம்மா. "அதோ மூவார் பஸ் நிக்குது. அவசரம்னா ஏறிப் போங்க."

டாக்சி நிறுத்தத்தில் ஒரு வண்டியும் இல்லை. பெரியம்மா பஸ்ஸைப் பார்த்தார். பஸ்ஸில் மீன் கூடையோடு இரண்டு பேர் ஏறினார்கள். பட்டுச்சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த பஸ் போகும்வரை அம்மா காத்திருந்தார். பிறகு எஞ்சினைப் போட்டார்.

மூவாருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி ஆக ஐந்து நிமிடம். உறவில் மூத்த ஒரு பெண்மணியைத் தாய் இடத்தில் நிறுத்தித் தட்டை மாற்றிவிட்டுப் பந்தியும் தொடங்கியிருந்தார்கள். பெண்ணின் தாயார் வாசலுக்கு ஓடி வந்து, "எவ்வளவு நேரம் பார்த்தம் சம்பந்தி, நேரம் தப்பப்போகுதெண்டு மாத்திட்டம்," என்று கையைப் பிசைந்தார். பிறகு, சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியம்மாவுக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்து, "இவ ஆர்?" என்று கேட்டார்.

அம்மா ஒரு அடி முன்னால் வந்தார்.

"சொல்லுங்க அக்கா. நான் யாரு?"

பந்தியிலிருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா பூக்கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டார். கண்மை கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தது.

"எங்கட தம்பியின்ர மனுசி," என்றார். "பேர் சரஸ்வதி."

"சரிக்கா," என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிக் காருக்கு நடந்தார். நாங்கள் உள்ளே போகவில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அப்பா மட்டும் மண்டபத்துக்குள் போய், கால் மணி நேரம் கழித்து வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கூலாய் போகும்வரை அம்மா எங்கும் நிறுத்தவில்லை. எனக்குப் பாட வேண்டும் போலிருந்தது. இதை எழுதும் இந்த வயதில் வெட்கப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஆனாலும் அந்தத் திரும்பும் பயணத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்கு அதற்குப் பிறகு பரீட்சையில் தேறியபோதும் வரவில்லை, வேலை கிடைத்தபோதும் வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது. கார் திரும்பியபோது கணேஷ் அண்ணன் மாலையோடு வாசலுக்கு வந்து தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

அவருடைய கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே வரவில்லை. அம்மா அதைப் பரிசுபோல வைத்துக்கொண்டார். உறவில் யாராவது எங்களைத் தவிர்த்தார்கள் என்று கேள்விப்பட்டால், "அவங்களுக்குத் தெரியும். சரசுகிட்ட வெச்சுக்கிட்டா என்னாவும்னு தெரியும்," என்பார். அப்பா இறந்தபோது கணேஷ் அண்ணன் மட்டும் வந்து, கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டார்.

இந்த வருடம் பெரியம்மா மூவாரில் கணேஷ் அண்ணனின் வீட்டில் காலமானார். அம்மா என்னோடு தெப்ராவில் இருக்கிறார். அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது, முழங்கால் வலி வந்து வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். செய்தியைக் கேட்டதும் "போவணும்," என்றார். நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போகலாம் என்றேன். "கடக்கரை ரோட்டுலயே போ," என்றார்.

போனோம். பெனுட்டில் ஹலிமா அம்மாவின் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. விசாரித்தபோது அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. செங்காராங்கில் மேரி அக்காவின் வீட்டைச் சாலையை அகலமாக்கியபோது இடித்துவிட்டார்கள். மேரி அக்கா அதற்கு முன்பே போய்விட்டார். தகரக் கூரை போட்ட பஸ் நிறுத்தங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை, அந்தப் பழைய பஸ்களும் இல்லை. எல்லாரிடமும் கார் இருக்கிறது. காரில் இடமில்லை என்று சொல்லி ஒருத்தியை இன்றைக்கு யாராலும் காயப்படுத்த முடியாது, அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன.

பெரியம்மா சின்னதாகக் கிடந்தார். அம்மா பூவைப் போட்டுவிட்டு வெளியே வந்து, கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உடலை எடுத்துப் போகும் நேரத்துக்குக் காத்திருந்தபோது, நரைத்த தலையோடு கணேஷ் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சித்தி, நீங்கள் ஏன் எங்களைவிட்டு விலகிப் போனீங்கள் எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்கு விளங்கேல்லை," என்றார். "என்ர நிச்சயதார்த்தத்துக்கு வந்து சாப்பிடாமலே போனீங்கள். டயர் பஞ்சரானதுக்கு அம்மா உங்களை ஏதும் பேசிப்போட்டாவோ?"

அம்மா அவரைப் பார்த்தார். "என்ன டயர்?"

"வழியில பஞ்சராகித்தான் பிந்தினது எண்டு அம்மா சொன்னா. எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னவ. அழைப்பு அனுப்பியும் நீங்கள் கலியாணத்துக்கு வரேல்லை எண்டும் சொன்னவ."

அம்மாவின் முகத்தில் நான் அப்போது கண்டதை எப்படிச் சொல்வது? முப்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரமாக வைத்திருந்த ஒன்றைத் திறந்து பார்த்து, உள்ளே காலியாக இருக்கக் கண்டவரின் முகம் அது. ஒருவருக்கும் தெரியாது. சரசு பழிவாங்கினாள் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அம்மா தாமதித்தார் என்று சொன்னால், எதற்காக என்றும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல விரும்பாமல் பெரியம்மா மொத்தத்தையும் விழுங்கிவிட்டிருந்தார்.

"பஞ்சர் இல்லப்பா," என்றார் அம்மா. "நான்தான் நிறுத்தினேன்."

எல்லாவற்றையும் சொன்னார். குரலைத் தாழ்த்தாமல், பெனுட், செங்காராங், பத்து பகாட் என்று ஒன்றையும் விடாமல், செத்த வீட்டுக் கூடாரத்தின் நடுவில் உட்கார்ந்து சொன்னார். பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் அம்மாவைத் தடுக்கவில்லை.

கணேஷ் அண்ணன் நாற்காலியை அம்மாவுக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"இடம் இருந்தது சித்தி," என்றார். "பின் சீட்டில நான் தனியத்தான் இருந்தனான். ரெண்டு தட்டு, அதுவும் என்ர மடியில. மற்றதெல்லாம் பின்னால டிக்கிக்குள்ள. நீங்கள் ரெண்டு பேரும் வடிவா இருந்திருக்கலாம்."

"இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பதினெட்டு வயசு உனக்கு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல நீ."

அதற்குள் உள்ளே அழுகை பெருகி, உடலை எடுத்துவிட்டார்கள். கணேஷ் அண்ணனுக்காக ஒரு காலத்தில் எனக்குள் இருந்த அந்தச் சிறிய உறுத்தல் அன்று அந்தக் கூடாரத்தில் போய்விட்டது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை.

திரும்பும்போது அம்மா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பாரிட் ஜாவாவை நெருங்கியதும், கடலுக்குப் போகும் கிளைச்சாலையைக் காட்டி, "அங்க திருப்பு. பசிக்குது," என்றார்.

அங்கே அலையாத்தி மரங்களுக்குப் பக்கத்தில் வரிசையாக மீன்கறிக் கடைகள். அம்மா இறங்கி, விந்தி விந்தி நடந்து, காற்று வருகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்து, புளிப்பும் காரமுமாக வைத்த அசாம் பெடாஸ் கறியில் கெளுத்தி மீன் பெரியதாக வேண்டும் என்று மலாயில் சொன்னார். செத்த வீட்டுச் சேலை. தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. எனக்கே திக்கென்றது.

"அம்மா, பங்காளி வீட்டுச் சாவு. தீட்டும்மா. குளிக்கக்கூட இல்ல. மீனா சாப்பிடுவீங்க?"

"தீட்டு சொந்தக்காரங்களுக்குத்தான்," என்றார் அம்மா.

கறி ஆவி பறக்க வந்தது. அம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சோற்றைக் குழியாக்கிக் குழம்பை ஊற்றி, மீனின் தலையைத் தன் பக்கம் திருப்பினார். முள்ளை ஒவ்வொன்றாக உறிஞ்சித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். தட்டு பாதி காலியானபோதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்க? சாப்புடு," என்றார். "அப்படியே இன்னும் கொஞ்சம் சோறு கொண்டாரச் சொல்லு."